லண்டன் மதிலுக்குக் கிழக்கே ஒரு கடை

1993 நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை.

காலை ஆறே முக்காலுக்கு விமானம் ஹீத்ரோவில் இறங்கியது. குடியேற்ற வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். மதில் பார்க்க என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உண்மையைச் சொன்னது தப்போ என்று பயம் வந்துவிட்டது. நண்பர் வீட்டுக்கு, நான்கு நாள், சனிக்கிழமை திரும்புகிறேன் என்று அவசரமாகத் திருத்திச் சொன்னதும் முத்திரை விழுந்தது.

மதில் என்று சொன்னது பொய் இல்லை. சென்னையில் ஒரு நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோடு போட்டே குடும்பம் நடத்திய மனுஷன் என்று என் மனைவி சொல்வாள். சென்னையில் வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரிச் சாலை, இருக்கிறது. அந்தப் பெயரில் உள்ள மதில் இடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லண்டனிலும் லண்டன் வால் என்றே ஒரு சாலை இருக்கிறதாம். ரோமானியர் கட்டிய மதில் துண்டு துண்டாக அதன் ஓரத்தில் இன்னும் நிற்கிறதாம். மதிலுக்குள் பிறந்த ஊர் மதிலைத் தாண்டி எப்படி வளர்ந்தது, இனி எந்தப் பக்கம் வளரப்போகிறது என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெளியே சிவபாலன் காத்திருந்தார். 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து என் வீட்டு மாடியில் இரண்டு ஆண்டு குடியிருந்தவர். பிறகு லண்டனுக்குப் போய், இப்போது கிழக்கு லண்டனில் கானிங் டவுன் பக்கம் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடை சொந்தம்; வாங்கி மூன்று வருஷம். மேலே குடியிருப்பு, கீழே கடை. வயது நாற்பத்து நான்கு ஆனாலும் தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன அண்ணை, குளிருதோ? வானுக்குள்ளை ஏறுங்கோ, ஹீற்றர் போட்டு விடுறன்" என்றார்.

வான் என்றால் நம் வேன். ஏறக்குறைய முப்பது மைல். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழி நெடுக சிவா கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். போலீஸ் வண்டி ஏதாவது தென்பட்டால் பேச்சு நின்றுவிடும். அது கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

கடை நான் நினைத்ததைவிடச் சிறியது. முன்பக்கம் பதினான்கு அடி இருக்கும். உள்ளே சிவப்பரிசி மாவு, முருங்கைக்காய், கருவாடு, ஆங்கிலச் செய்தித்தாள், பால், சிகரெட் எல்லாம் சண்டையில்லாமல் இருந்தன. சிவாவின் மனைவி மலர் கல்லாவில் நின்றபடியே, "வாங்கோ அண்ணா, முதலிலை சாப்பிடுங்கோ, பிறகு நித்திரை கொள்ளுங்கோ" என்றார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மாலை வரை கட்டையாகக் கிடந்தேன்.

நவம்பர் 17, புதன்கிழமை.

காலை ஒன்பதரைக்குத் தனியாகக் கிளம்பினேன். நாள் முழுக்க எங்கும் போகலாம் என்ற சீட்டு மூன்று பவுண்டு இருபது பென்ஸ். நம் பணத்தில் கிட்டத்தட்ட நூற்றைம்பது ரூபாய். அந்த நினைப்பிலேயே அன்று ஒரு பஸ்ஸையும் ரயிலையும் விட்டுவைக்கவில்லை.

முதலில் நகரம் வளரும் பக்கத்தைப் பார்ப்போம், பழைய மதிலை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தேன். தேம்ஸ் ஆற்றில் கிழக்கே கப்பல்கள் வந்து நின்ற துறைகள் எல்லாம் மூடப்பட்டுப் பல வருஷமாகிறது. அந்த நிலத்தில் இன்னொரு நகரத்தையே எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போகும் குட்டி ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. முன் பெட்டியின் முதல் இருக்கையில் உட்கார்ந்தால் தண்டவாளம் நம்மை நோக்கி வருகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் கப்பல் துறையில் மூட்டை தூக்கியவராம். "அதோ அந்தக் கண்ணாடிக் கட்டிடம் இருக்கிறதே, அங்கேதான் சர்க்கரை மூட்டை இறக்குவோம்" என்றார். அங்கே ஒரு மரம்கூட இல்லை.

ஐம்பது மாடிக் கோபுரம் ஒன்று உச்சியில் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. பல மாடிகள் இன்னும் காலி என்றார்கள். கீழே நடைபாதை, நீர்நிலை, உட்காரப் பலகை எல்லாம் ஒழுங்காக இருந்தன, ஆட்கள்தான் குறைவு. என்னுடைய தொழில் புத்தி உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கோபுரம் வந்துவிட்டது, ஆட்களும் வருவார்கள். வந்தால் சாலை போதாது. கிழக்கே இருந்து ஒரு இணைப்புச் சாலை வேண்டும். நான் வரைந்தால் எந்த இடத்தில் வரைவேன் என்று பாக்கெட் டயரியில் ஒரு கோடுகூடப் போட்டுப் பார்த்தேன். கோடு நன்றாகவே வந்தது.

மாலை ஐந்தரைக்குக் கடைக்குத் திரும்பினேன். மலர் சாமியறையில் விளக்கேற்றப் போனார். அறை என்றால் அறை இல்லை. படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு அலமாரி. நானும் கும்பிடப் போய் நின்றேன். முருகன் படத்துக்குப் பின்னால் பழுப்பு நிற உறைகள் ஏழெட்டு செருகியிருந்தன. எல்லாம் அரசாங்கத்து உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்ன சிவா, லெட்டரைப் பிரிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

சிவா சிரித்து மழுப்பப் பார்த்தார். மலர்தான் சொன்னார். "அண்ணா, வந்த புதுசிலை இவர் ஒரு செவ்வாய்க்கிழமை பிரவுண் கடிதம் ஒண்டைப் பிரிச்சவர். விசா இல்லை, திரும்பிப் போகச் சொல்லி இருந்தது. அப்பீல் அது இதெண்டு ரெண்டு வருஷம் நாங்கள் பட்ட பாடு. அதுக்குப் பிறகு பிரவுண் கடிதமெண்டால் முருகனுக்குப் பின்னாலை வைச்சு, வெள்ளிக்கிழமை விளக்கு வைச்ச பிறகுதான் திறக்கிறது. அந்த வெள்ளி மனம் சரியில்லையெண்டால் அடுத்த வெள்ளி."

லண்டன் தமிழர் வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எந்தப் பயண நூலும் எனக்குச் சொல்லவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த உறைகளில் ஒன்று பெரியதாக, தடியாக இருந்தது. சும்மா எடுத்துப் பார்த்தேன். உள்ளே வரைபடம் இருக்கிறது என்று விரல் பட்டவுடனே தெரிந்துவிட்டது. எட்டாக மடித்த வரைபடத்தின் விளிம்பு எப்படி இருக்கும் என்பதை முப்பத்திரண்டு வருஷம் தடவிப் பார்த்தவன் நான். சிரிப்பு போய்விட்டது.

"இதை இப்பவே பிரிக்கணும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பாப்பம் அண்ணை. இன்னும் ரெண்டு நாள்தானே."

"சிவா, இதுக்குள்ள மேப் இருக்கு. ஒரு வீட்டுக்கு மேப் அனுப்பறாங்கன்னா ஒரே ஒரு காரணம்தான். நான் எத்தனை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்!"

மலர் என் கையிலிருந்து உறையை வாங்கி, விளக்கின் முன் ஒரு நொடி வைத்துவிட்டுக் கிழித்தார். "முருகனுக்குப் புதன்கிழமையும் கண் தெரியும்" என்றார்.

அழகான வரைபடம். தொழில் தெரிந்தவன் போட்டது. கிழக்கே வளரும் நகரத்துக்கு ஒரு புதிய இணைப்புச் சாலை. அதன் இரு ஓரத்திலும் சிவப்புக் கோடு. கோடுகளுக்கு நடுவே, எடுக்கப்போகும் நிலத்துக்கு, இளஞ்சிவப்பு வண்ணம். சிவாவின் கடை அந்த வண்ணத்தின் நட்ட நடுவில் இருந்தது. நான் மத்தியானம் டயரியில் போட்ட கோட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இதை அவர்களிடம் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

கூடவே இருந்த கடிதத்தில், ஆட்சேபணை இருந்தால் நவம்பர் 18, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாலைத் திட்ட அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அதாவது மறுநாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஒரு நாள் முன்னதாக. ஆட்சேபிக்காதவர்கள் பிறகு நஷ்டஈட்டுத் தொகை பற்றி வேண்டுமானால் பேசலாம். சாலை பற்றிப் பேச முடியாது.

"வாசலிலை லைற் கம்பத்திலை மஞ்சளாய் ஒரு பேப்பர் மூண்டு கிழமையாய்த் தொங்குது. ஆரோ பூனையைத் துலைச்சிட்டினமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் சிவா. அதுவும் இதே சாலை அறிவிப்புத்தான்; மூன்று வாரமாக அங்கே இருந்திருக்கிறது.

நவம்பர் 18, வியாழக்கிழமை.

காலை முழுவதும் எழுத்து வேலை. கடையின் பின்னறையில் அரிசி மூட்டைமேல் பலகை போட்டு, கடிதத்தோடு வந்த படிவத்தில் ஆட்சேபணையை எழுதினேன். சாலையை அறுபது அடி தெற்கே நகர்த்தினால் காலியாகக் கிடக்கும் பழைய கிடங்கு நிலத்தில் போகும், ஒரு வீடும் போகாது என்று அளவோடு காட்டினேன். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. சிவா கல்லாவுக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். கையெழுத்துப் போடும்போது, "அண்ணை, நான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறன். இதாலை அதுக்கு ஏதும் பிரச்சினை வராதே?" என்று கேட்டார். வராது என்றேன். எனக்கு என்ன தெரியும்?

பிற்பகல் இரண்டரை. ரயிலில் போனால் முக்கால் மணி நேரம் என்று கிளம்பினோம். ஸ்டேஷன் இழுத்து மூடியிருந்தது. எங்கோ பாதையில் கேட்பாரற்ற பை ஒன்று கிடக்கிறதாம், குண்டாக இருக்கலாமாம். எப்போது திறக்கும் என்று தெரியாது என்று பலகையில் எழுதியிருந்தார்கள். லண்டன்காரர்கள் பழக்கப்பட்டவர்கள், முனகிக்கொண்டு பஸ்ஸுக்குக் கலைந்தார்கள். பஸ் வரிசை தெருமுனை வரை நின்றது.

"எங்கடை வானையே எடுப்பம்" என்றார் சிவா. வானில் அன்று காலை மொத்த விற்பனைக் கடையிலிருந்து வந்த சரக்கு இறக்காமல் கிடந்தது. அவித்த கோதுமை மாவு பத்து மூட்டை, மிளகாய்த்தூள் இரண்டு மூட்டை. இறக்க நேரமில்லை. மணி மூன்று.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லண்டனின் பழைய நகரம் ஒரு சதுர மைல்தான். வங்கிகள் எல்லாம் அங்கேதான். அடுத்தடுத்த இரண்டு ஏப்ரல் மாதங்களில் அங்கே பெரிய குண்டுகள் வெடித்தன. இரண்டுமே வாகனத்தில் வந்தவை. அதனால் இந்த ஆண்டு நடுவிலிருந்து சின்னச் சின்னத் தெருக்களை அடைத்துவிட்டு, ஏழெட்டு வழிகளை மட்டும் திறந்து, ஒவ்வொன்றிலும் போலீஸை நிறுத்தியிருக்கிறார்கள். கல் மதில் போய் எத்தனையோ நூற்றாண்டு கழித்து, ஏறத்தாழ அதே ஊரைச் சுற்றி பிளாஸ்டிக் கூம்புகளால் இன்னொரு மதில். நாங்கள் போக வேண்டிய அலுவலகம் அதற்கு உள்ளே இருந்தது.

மூன்று ஐம்பதுக்குச் சோதனைச் சாவடி கண்ணில் பட்டது. சிவப்பு வெள்ளைக் கூம்புகள் சாலையை வளைத்து ஒற்றை வழியாக்கியிருந்தன. நான்கைந்து போலீஸ்காரர்கள்; இருவர் கையில் துப்பாக்கி. எங்களுக்கு முன்னால் ஆறு வண்டிகள். லண்டனில் துப்பாக்கி வைத்த போலீஸை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சிவா என்ஜினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து குடியேற்ற அலுவலகம் கொடுத்த, பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்தார். கதவைத் திறந்தார்.

"இறங்குங்கோ அண்ணை. பாஸ்போட்டைக் கையிலை உயர்த்திப் பிடியுங்கோ. நடந்துதான் போகவேணும்."

அவர் குரலில் இருந்த நிச்சயத்தைப் பார்த்து இங்கே அதுதான் நடைமுறை போலிருக்கிறது என்று நானும் இறங்கினேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு தாளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நடுச்சாலையில் பன்னிரண்டு மூட்டையோடு வானை அநாதையாக விட்டுவிட்டு, வண்டிகளுக்கு இடையில் போலீஸை நோக்கி நடந்தோம். வேறு யாருமே இறங்கவில்லை என்பதை நான் கவனித்தபோது பத்தடி தாண்டியிருந்தோம்.

பிறகு நடந்தது எல்லாம் ஒரே கூச்சல். "அங்கேயே நில்! வண்டியை விட்டு விலகு!" எங்களுக்குப் பின்னால் இருந்த கார்க்காரர் கதவைத் திறந்து ஓட்டம் பிடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். எங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திக் கையை விரிக்கச் சொன்னார்கள். நான் அவர்கள் சொன்னபடி விரித்தேன். சிவா மட்டும் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகச் செய்தார். கையை விரித்தார், காலை அகட்டினார், வாயைத் திறந்து காட்டினார். அது அவருடைய ஊர்ச் சாவடிப் பழக்கம்; வாயைத் திறக்கும்படி இங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

வானைத் திறந்தார்கள். மூட்டை மூட்டையாக வெள்ளைத் தூள். ஒரு நாயைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அது மிளகாய்த்தூள் மூட்டையில் மூக்கை வைத்துவிட்டு எட்டுப் பத்துத் தும்மல் போட்டது. நாயைப் பிடித்திருந்தவரும் தும்மினார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்; மணி நான்கு இருபது ஆகிவிட்டது.

ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். "ஏன் இறங்கினீர்கள்? வண்டியை விட்டுவிட்டு ஓடுகிறவன்தான் இங்கே எங்கள் பயமே. தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாவடி, சேர். சாவடி எண்டால் எல்லாரும் இறங்கி நடக்கவேணும்" என்று சிவா அதே ஆங்கிலத்தில் சொன்னார்.

அவருக்குப் புரியவில்லை. நான் குறுக்கிட்டேன். இவருடைய ஊரில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்கி, அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்து, வரிசையாக நடந்து போக வேண்டும்; வண்டி வெறுமையாகப் பின்னால் வரும்; உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான் அங்கே சந்தேகத்துக்கு உரியவன் என்று விளக்கினேன். இதெல்லாம் என் வீட்டு மாடியில் குடியிருந்தபோது சிவா சொல்லித் தெரிந்தது. போலீஸ்காரர் சிவாவின் பக்கம் திரும்பினார். "இங்கே உட்கார்ந்தே இருங்கள், ஐயா. உட்கார்ந்திருப்பவர்களை நாங்கள் ஒன்றும் செய்வதில்லை" என்றார். பெயர், முகவரி எழுதிக்கொண்டு, சோதனை நடந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மணி நான்கு முப்பத்தெட்டு. இருட்டிவிட்டிருந்தது.

நெரிசலில் ஊர்ந்து, லண்டன் வால் சாலைக்குள் திரும்பியபோது நான்கு ஐம்பது. அலுவலகம் இருநூறு கஜம் தள்ளி. ஆனால் அந்த மதிலுக்குள் ஆளில்லாத வானை நிறுத்த முடியாது. எனக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பேரில் ஒருவர் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். கையெழுத்துக்காரர் போக வேண்டும்.

"நீங்களும் வாறியள் எண்டுதான் நான் வெளிக்கிட்டனான்" என்றார் சிவா.

"பேப்பரைக் கொடுத்துட்டு சீல் வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான். ஓடுங்க."

அவர் ஓடினார். மஞ்சள் விளக்கில் அந்த நரைத்த தலை வளைவு திரும்பி மறைந்தது.

நான் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். புல்தரையில் கருங்கல்லும் செங்கல்லும் கலந்த ஒரு பழைய சுவர் உயரமாக நின்றது. இத்தனை மைல் தாண்டிப் பார்க்க வந்த மதில் அதுதான். பார்த்தேன். மனது அதில் நிற்கவில்லை. நான்கு ஐம்பத்தாறு. நான்கு ஐம்பத்தெட்டு. ஒரு போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார். இந்த முறை நான் இருக்கையை விட்டு அசையவே இல்லை; கண்ணாடியைக் கால்வாசி இறக்கி, துண்டுச் சீட்டை நீட்டினேன். பார்த்துவிட்டுப் போனார். ஐந்து ஐந்து. ஐந்து பதினைந்து. கொடுக்க முடியாமல் எங்கேயாவது உட்கார்ந்து அழுகிறாரோ, மறுபடி யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களோ என்று தாறுமாறாக நினைத்தேன். ஓடுங்க என்று சொன்னது நான்தான். அந்த ஊரில், அந்த இருட்டில், அந்த மாதிரி ஒரு ஆளை ஓடச் சொல்லலாமா?

ஐந்து இருபத்திரண்டுக்குச் சிவா வந்தார். நடந்து வந்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்திட்டன். அஞ்சுக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. சீல் குத்தினவை."

"பின்ன ஏன் இவ்வளவு நேரம்?"

"ஒரு பொம்பிளை, நல்ல மனுசி. படிவத்தைப் பாத்திட்டு, ஒரு கேள்விக்கு மறுமொழி எழுதேல்லை எண்டு சொன்னவ. விசாரணைக்கு நேரிலை வந்து கதைப்பியளோ, இல்லை எழுதினது போதுமோ எண்டு. நான் அங்கை கதிரையொண்டிலை குந்திக்கொண்டு யோசிச்சனான்."

அந்தக் கட்டத்தை நான்தான் காலியாக விட்டிருந்தேன். எழுதியது போதும் என்று குறி போடச் சொல்ல நினைத்து, அவசரத்தில் மறந்துபோனேன்.

"என்ன போட்டீங்க?"

"வந்து கதைப்பன் எண்டு போட்டிட்டன். தை மாசம் கூப்பிடுவினமாம்." சாவியைத் தொட்டவர் கையை எடுத்துவிட்டார். "அண்ணை, ஊரிலை ஆமி முகாமை அகலப்படுத்தேக்கை எங்கட ஒழுங்கை வீடுகள் முழுக்க உள்ளுக்குப் போட்டுது. ஒருத்தரும் கடிதம் போடேல்லை, மப் அனுப்பேல்லை. ஒரு வாத்தியார் மட்டும் போய்க் கேட்டவர், ஏன் எடுக்கிறியள் எண்டு. அண்டு பின்னேரமே அவற்றை வீட்டுக்கு வந்தவங்கள். பிறகு அவரை நாங்கள் காணேல்லை." என் பக்கம் திரும்பினார். "நான் எழும்பி நிண்டு ஏலாது எண்டு சொன்னால், பிறகு ஒருத்தரும் வீட்டுக்கு வரமாட்டினம்தானே?"

"வர மாட்டாங்க, சிவா" என்றேன். அன்றைக்கு நான் நிச்சயமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு, அது நிச்சயம்தானா என்று கானிங் டவுன் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 20, சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை முழுவதும் மழை. எங்கும் போகவில்லை. சிவா கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் விட்டுவிட்டு வந்து ஒரு சந்தேகம் கேட்டார். நீதிபதி மாதிரி ஆள் இருப்பாரா, சத்தியம் பண்ண வேண்டுமா, கோட் போட வேண்டுமா, தப்பாக ஆங்கிலம் பேசினால் எழுதிக்கொள்வார்களா. தெரிந்ததைச் சொன்னேன். கடை போனால் மூன்று வருஷ உழைப்பு போகும் என்பதைவிட, எழுந்து நின்று பேச வேண்டும் என்பதே அவரை அதிகம் வாட்டியது. "கடையைக் குடுத்தாலும் குடுக்கலாம் போலை கிடக்கு" என்று ஒரு தடவை சொன்னார். மலர் அவர் முன்னால் தேநீரை வைத்தார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஹீத்ரோவில் இருந்தோம். மலரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பெட்டியைப் போட்ட பிறகு ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. காப்பி குடிக்கும் இடத்தில் மூவரும் உட்கார்ந்தோம். சிவா மறுபடியும், "எனக்கு முன்னுக்கு நிண்டு கதைச்சுப் பழக்கமில்லை அண்ணை. ஆரும் இரு எண்டால் நான் இருந்திடுவன்" என்றார். இரு என்றால் அவர்கள் பேச்சில் உட்கார்.

அப்போதுதான் என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர்களிடம் சொன்னேன். எங்கள் அலுவலகத்திலும் விசாரணை நடக்கும். மக்கள் வந்து நிற்பார்கள். நான் பின்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேச எழுந்தவன் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் எங்கள் அதிகாரி, "சரிப்பா, உட்காரு, எழுதிக் கொடு" என்பார். உட்கார்ந்துவிடுவார்கள். அத்தனை வருஷத்தில் எல்லாருமே உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று கோப்பில் எழுதி, நான் பென்சில் கோட்டை மையால் உறுதி செய்வேன். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. மலர் என்னையே பார்த்தார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே சரி என்று தோன்றியது.

"எழுந்து நில்லுங்க சிவா" என்றேன். "நான்தான் அதிகாரி. சொல்லுங்க."

"இஞ்சையோ? சனம் பாக்குது அண்ணை."

"அங்கேயும் சனம் பார்க்கும்."

மலர் அவர் முழங்கையைத் தட்டினார். சிவா எழுந்தார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "என்ரை பேர் சிவபாலன்" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் இந்தக் கடையை மூண்டு வருஷமாய்..."

நான் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்தேன். என் அதிகாரியின் முகத்தை நினைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே, சிவாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "சரிப்பா, உட்காரு, எழுதிக் கொடு."

அவர் முழங்கால் மடங்கத் தொடங்கியது. நான் பார்த்தேன். கை நாற்காலியின் முதுகைத் தேடியது. அங்கேயே நின்றது.

"நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை, சேர்" என்றார்.

பக்கத்து மேசையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். சிவா நின்றபடியே, கடையைப் பற்றி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் உட்கார்ந்து கேட்டேன்.